மாப்பிள்ளை அண்ணனாகிப்போன ஒன்பது நாள்

கல்யாணப் பத்திரிகையில் தப்பு வருவது ஒன்றும் புதிதில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போய், அந்த மனிதர் பந்தியில் உட்காராமல் மண்டபத்து வாசலில் நின்றபடியே மூன்று தம்ளர் பாயசம் குடித்துக் கோபத்தைக் காட்டிவிட்டுப் போனார். ஆனால் பத்திரிகையின் தலையில் இருந்த ஒரே ஒரு வரி, மாப்பிள்ளையைப் பெண்ணுக்கு அண்ணனாக்கிப் போட்டது எனக்குத் தெரிந்து வில்லாபுரத்தில் இதுதான் முதல் தடவை. எனக்குத் தெரியாமல் வில்லாபுரத்தில் நடந்திருக்கவும் வாய்ப்பில்லை.

பெண் வீடு எனக்கு எதிர்வீடு. ஜெயபாண்டி பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். கடையில் அவர் முதலாளி. வீட்டில் யார் என்று தெரிந்துகொள்ள எங்கள் பக்கம் ஒரு கேள்வி உண்டு: மதுரையா, சிதம்பரமா? மதுரை என்றால் மீனாட்சி ஆட்சி, சிதம்பரம் என்றால் நடராசர் ஆட்சி. ஜெயபாண்டி வீடு அச்சு அசல் மதுரை. ஊருக்கெல்லாம் எந்தச் சுவருக்கு என்ன நிறம் என்று யோசனை சொல்கிறவர், தன் வீட்டுக்கு என்ன நிறம் என்பதைப் பெயிண்டர் வந்து அடித்த பிறகுதான் தெரிந்துகொண்டார். எல்லாம் அவர் சம்சாரம் அழகம்மாள் முடிவு செய்தது.

இவர்களுக்கு ஒரே மகள், மீனா. ஸ்கேன் சென்டரில் வேலை. யாருக்கு உள்ளே என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்கிற வேலை. நான் மிஷின் இல்லாமல் செய்வதை அவள் மிஷின் வைத்துச் செய்கிறாள். அவளுக்குப் பார்த்து முடித்த மாப்பிள்ளை செல்வக்குமார், மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மொத்தக்கடை வைத்திருக்கிற காளையின் மகன். அம்மா இல்லாத பிள்ளை, அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளை. பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தம்தான். ஆனால் முடித்த மறுநாளிலிருந்து மீனா மொட்டைமாடியில் காயப்போட்ட துணியை எடுத்துவர நாற்பது நிமிடம் ஆனது. ஒரு துப்பட்டாவுக்கு. காதில் போன் இருந்ததா என்று நீங்கள் கேட்கவேண்டாம், நானும் சொல்லவேண்டாம்.

அப்பாமார்கள் இருவரும் அதற்கு மேல். "வாங்க சம்பந்தி", "சாப்பிட்டீங்களா சம்பந்தி" என்று போனில் அவர்கள் கொஞ்சிக்கொண்டதைக் கேட்டால், கல்யாணம் யாருக்கு என்றே சந்தேகம் வரும்.

இதைக் கெடுத்தது யார் என்று கேட்டால், நான்தான். மறைப்பானேன்.

ஆவணியில் முகூர்த்தம் குறித்தாயிற்று. பத்திரிகை அடிக்க வேண்டும். பத்திரிகையின் தலையில் இடது பக்கம் மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் துணை, வலது பக்கம் பெண் வீட்டுக் குலதெய்வம் துணை என்று போடுவது வழக்கம். அடித்த கையோடு முதல் பத்திரிகையை அந்தச் சாமியின் காலடியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அழகம்மாள் என்னிடம் வந்து, "மதினி, எங்க பக்கத்துக்கு மீனாட்சியம்மன் துணைன்னு போடச் சொல்லிட்டாரு" என்றாள்.

ஜெயபாண்டியின் அப்பா சின்ன வயதிலேயே அண்ணன் தம்பிச் சண்டையில் ஊரை உதறிவிட்டு மதுரை மில்லில் வேலைக்கு வந்தவர். திரும்பிப் போகவே இல்லை. குலதெய்வம் யார் என்று மகன் கேட்டபோதெல்லாம் சுவரில் தொங்கிய மீனாட்சி காலண்டரைக் காட்டிவிட்டார். பெண் பார்க்க வந்த அன்று காளை கேட்டதற்கும் ஜெயபாண்டி அதையேதான் சொன்னார். "எங்களுக்குக் கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு அம்மன்" என்று காளை சொன்னது, தட்டில் கேசரி வந்த சத்தத்தில் அமுங்கிப்போனது.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "மீனாட்சி ஊருக்கே ஆத்தா. ஊராத்தாளக் காட்டி வீட்டாத்தாள ஏமாத்தலாமா அழகம்மா? அவனியாபுரத்துல அவரு அத்தை இருக்குல்ல, அதுகிட்டக் கேட்டாத் தெரியப்போகுது" என்றேன்.

புதன்கிழமை அத்தையை ஆட்டோ வைத்துக் கூட்டிவந்தார்கள். ராக்கம்மாள். எழுபத்தைந்து வயது, பல் பாதி, வாய் முழுசு. அவருக்குக் கட்டிக்கொடுத்த இடத்துச் சாமி வேறு. ஆனால் அவர் பிறந்த வீட்டுச் சாமிதான் ஜெயபாண்டியின் சாமி. நானும் கறிவேப்பிலை கேட்கப் போனதுபோல் போய் உட்கார்ந்தேன்.

"சிவராத்திரிக்கு எங்கய்யா வண்டி கட்டிக் கூட்டிட்டுப் போவாரு" என்றார் ராக்கம்மாள். "கல்லுப்பட்டி தாண்டி அங்கிட்டு, கரிசக்காட்டுக்குள்ள. முத்துப்பேச்சி கோயிலுன்னு கேட்டா யாரும் வழி சொல்லுவாங்க."

"நெசமாவா அத்தை? நல்லா ஞாபகம் இருக்கா?" என்றார் ஜெயபாண்டி.

"அந்தக் கோயிலுதான்னு சொல்றேன்ல. நேத்து சாப்பிட்டதுதான் எனக்கு மறக்கும். முதக் கார்டு வைக்கப் போகையில என்னையும் கூட்டிட்டுப் போகணும், இப்பயே சொல்லிட்டேன்."

அன்று சாயங்காலம் தெருமுனைப் பெட்டிக்கடையில் ராக்கம்மாள் நின்றுகொண்டிருந்தார். நான் தேங்காய் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரரிடம் இரண்டு கட்டுச் சுருட்டு வாங்கி, அக்கம்பக்கம் பார்த்து, இடுப்பில் இருந்த சுருக்குப்பைக்குள் திணித்தார்.

"யாருக்கு அத்தை?" என்றேன்.

"ஏன், உனக்கு வேணுமா?" என்றார்.

இதற்குமேல் ஒரு மனுஷி என்ன நினைப்பாள்? நாலே நாலு பேரிடம்தான் சொன்னேன். அந்த நாலு பேர் எத்தனை பேரிடம் சொன்னார்கள் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

வெள்ளிக்கிழமை அச்சகத்திலிருந்து பத்திரிகையின் மாதிரி வாட்ஸப்பில் வந்தது. ஜெயபாண்டி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். இடது பக்கம், அருள்மிகு முத்துப்பேச்சியம்மன் துணை. வலது பக்கம், அருள்மிகு முத்துப்பேச்சியம்மன் துணை.

அச்சகத்துக்கே போன் போட்டு, "என்னப்பா, ஒரே சாமிய ரெண்டு பக்கமும் அடிச்சு வச்சிருக்க? தூங்கிக்கிட்டே வேலை பாக்குறீங்களா?" என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். "அண்ணே, ரெண்டு வீட்டுக்காரங்களும் அதத்தான அனுப்பியிருக்கீங்க" என்று பதில் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. வாசலில்தான் நின்றிருந்தேன்.

அழகம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். ஒரே குலதெய்வம் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. பங்காளிக்குள் பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. நேற்றுவரை மாப்பிள்ளையாக இருந்த செல்வக்குமார், அந்தப் போனை வைத்த நிமிடத்தில் மீனாவுக்கு அண்ணனாகிவிட்டான்.

சனிக்கிழமை காலை காளை வந்தார். ஆறடி ஆள், மார்க்கெட்டுக் குரல். வாசலில் செருப்பைக் கழற்றியவர் பழக்கத்தில், "வணக்கம் சம்ப..." என்று தொடங்கி, விழுங்கி, "தம்பி" என்று முடித்தார். கையில் பழக்கத்தில் கொண்டுவந்த ஒரு பொட்டலம் மல்லிகை. அதை யாரிடம் கொடுப்பது, எந்த முறையில் கொடுப்பது என்று தெரியாமல் கடைசியில் டிவி மேல் வைத்தார்.

"உக்காருங்கண்ணே" என்றார் ஜெயபாண்டி. அண்ணே என்ற சொல் அவர் தொண்டையில் மீன்முள் மாதிரி மாட்டி வெளியே வந்தது.

"எனக்கு மட்டும் சந்தோசமா தம்பி? எம்மகன் நேத்துல இருந்து ரோசாவக் கொண்டாந்தா அரளி எடைய எழுதுறான். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா ஊரு இதத்தான சொல்லும்."

மீனா உள்ளேயிருந்து வந்தாள். அழுதிருக்கிறாள் என்று முகம் சொன்னது. அழவில்லை என்று நடை சொன்னது.

"ஒரு சந்தேகம். முந்தாநாள் வரைக்கும் உங்கள மாமான்னு கூப்புட்டேன். இப்ப என்னான்னு கூப்புடணும்?"

காளை தலையைத் தடவினார். "பெரியப்பான்னுதான் முறை வரும் ஆத்தா."

"போன மாசம் எந்தலையில பூ வச்சு நிச்சயம் பண்ணீங்களே பெரியப்பா. அது?"

"அது தெரியாம வச்சதும்மா."

"இந்தக் கல்யாணம் கூடாதுன்னு பேச்சி வந்து சொன்னாளா?"

"சாமி எதுக்கு வந்து சொல்லணும்? முறை சொல்லுது."

"முறைய வச்சது சாமிதான? அப்ப அதுகிட்டயே போய்க் கேப்போம். கூடாதுன்னு அங்க சொல்லட்டும், நானே உங்க மகன் கையில ராக்கி கட்டிட்டு வாரேன்."

ராக்கி என்றதும் காளைக்கே பொறுக்கவில்லை. நாளைக்குக் கடையில் பெரிய லோடு, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசாரி இருப்பார், அன்றைக்குப் போகலாம் என்று ஒத்துக்கொண்டார். அத்தைக்கு ரத்தக்கொதிப்பு, இந்தக் குழப்பத்தை அவர் காதில் போடவேண்டாம், சாமி கும்பிடப் போகிறோம் என்று மட்டும் சொல்லலாம் என்று அழகம்மாள் முடிவு செய்தாள். அந்த வீட்டில் முடிவு யாருடையது என்றுதான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

தெருவுக்கு அந்த வாரம் நல்ல தீனி. "என்ன அழகம்மா, மாப்ளயண்ணன் சௌக்கியமா?" என்று தண்ணீர் லாரி வரிசையில் கேட்டார்கள். நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. ஏனென்றால் சாயங்காலம் மீனா மொட்டைமாடிக்குப் போய்த் துப்பட்டாவை எடுத்துக்கொண்டு இரண்டே நிமிடத்தில் இறங்கிவந்தாள். தினமும் இரண்டு நிமிடம். கொடியிலிருந்து எடுப்பாள், மடிப்பாள், வருவாள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மீனாட்சி காலண்டர் பாட்டுக்குச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது; அதை இறக்கி வைத்தது என் நாக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை வேன் வந்தது. ஒரு சீட்டுக் காலியாக இருந்தது. காலிச் சீட்டைப் பார்த்தால் எனக்கு ஆகாது. ஏறிக்கொண்டேன்.

திருமங்கலம் தாண்டியதும் ராக்கம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, "சாமி கும்புடத்தான போறோம்? எல்லா மூஞ்சியும் எழவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு" என்றார். ஜெயபாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்லுப்பட்டி தாண்டி மண்பாதையில் இறங்கியதும் கோயில் தெரிந்தது. பருத்திக் காட்டுக்கு நடுவில் ஒரு வேப்பமரம், சுற்றுச்சுவர், தகரக் கூரை. உள்ளே முத்துப்பேச்சி, மடியில் ஒரு பிள்ளையோடு. வாசலில் இரும்புக் கதவை ஒட்டித் தனி மேடையில் கருப்பசாமி, கையில் அரிவாள், காது வரைக்கும் மீசை. காளையும் செல்வக்குமாரும் பூ ஏற்றுகிற குட்டியானை வண்டியில் வந்து எங்களுக்கு முன்பே இறங்கி நின்றார்கள். செல்வக்குமார் மீனாவைப் பார்த்தான். மீனா வேப்பமரத்தைப் பார்த்தாள். அண்ணன் தங்கை என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று இருவரும் யாரிடமோ பாடம் கேட்டு வந்த மாதிரி இருந்தது.

ஜெயபாண்டி சுவரைத் தொட்டுப் பார்த்தார். "இது நம்ம கம்பெனி இல்ல. ரெண்டு மழைக்குத் தாங்காது" என்றார். ஒன்பது நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம்.

பூசாரி மலைச்சாமிக்கு நாற்பது வயது இருக்கும். வார நாளில் மினிபஸ்ஸில் கண்டக்டர், வெள்ளியும் ஞாயிறும் பூசாரி. "முன்னாடி போங்க, முன்னாடி போங்க, உள்ள எடம் இருக்கு" என்றுதான் எங்களைப் பேச்சியின் சன்னதிக்கு அனுப்பினார். காளை ஒரு பக்கமும் ஜெயபாண்டி ஒரு பக்கமுமாக நின்றார்கள். அழகம்மாள் தட்டில் வளையலும் பாலும் வாழைப்பழமும் வைத்தாள். மீனா கையைக் கூப்பினாள்.

அப்போது ராக்கம்மாள் சுருக்குப்பையை அவிழ்த்து, அந்த இரண்டு கட்டுச் சுருட்டை எடுத்துத் தட்டில் வைத்தார்.

கோயிலுக்குள்ளேயுமா என்று நினைத்தேன்.

மலைச்சாமி தட்டைப் பார்த்தார். "ஆத்தா, சுருட்டு யாருக்கு?"

"யாருக்கு? சாமிக்குத்தான். எங்கய்யா காலத்துல இருந்து சுருட்டுத் தூக்கிட்டு வார பொறுப்பு என்னோடது. ஒரு தடவ வண்டியிலயே ஒண்ணப் பத்த வச்சு இழுத்துப் பாத்தேன். முதுகுல வாங்குனது இப்பவும் ஞாபகம் இருக்கு."

"பேச்சி என்னைக்கு ஆத்தா சுருட்டுக் குடிச்சா? மடியில பச்சப்புள்ள வச்சிருக்கா."

"பேச்சிக்குன்னு யாரு சொன்னா? அந்தா நிக்கிறாரே மீசைக்காரரு, அவருக்கு. அவருதான் எங்க சாமி."

ஜெயபாண்டிதான் மெல்ல, "அத்தை, அன்னைக்குப் பேச்சின்னு சொன்னீங்களே" என்றார்.

"பேச்சி கோயிலுன்னு சொன்னேன். பேச்சின்னு எப்பச் சொன்னேன்? இது யாரு வீடுன்னு கேட்டா வீட்டுக்காரி பேரத்தான சொல்லுவாங்க. வாசல்ல நிக்கிற மாப்ள பேரையா சொல்லுவாங்க? உன் வீட்டையே ஊருல அழகம்மா வீடுன்னுதான சொல்றாங்க."

மலைச்சாமி சிரித்துவிட்டார். "அப்ப நீங்க வாசல் ஆளு. இவரு உள் ஆளு. இத மொதல்லயே கேட்டிருக்கலாம்ல."

"வாசல் ஆளுன்னா?" என்றாள் மீனா. கையைக் கூப்பியவள் இன்னும் இறக்கவில்லை.

அவர் தூணில் சாய்ந்துகொண்டு கதையைச் சொன்னார். "அழகர் தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்குக் கெளம்பி, வழியெல்லாம் சனம் மறிச்சு, ஆத்துக்கு வந்து சேருறதுக்குள்ள தாலி கட்டி முடிச்சிட்டாங்கன்னு கோவிச்சுக்கிட்டுத் திரும்புனாருல்ல? அழகருக்குக் கல்யாணம் பாக்கலன்னு கோவம். அவருக்குக் காவலாக் கூட வந்த ஒரு கருப்பனுக்குக் கல்யாணச் சோறு போச்சேன்னு கோவம். நீங்க மலைக்குப் போங்க சாமி, எனக்குப் பசிக்குதுன்னு தெக்க நடக்க ஆரம்பிச்சிட்டாரு. நடந்து நடந்து இந்தக் கரிசக்காட்டுக்கு வாராரு. இங்க பேச்சி வீடு. பேச்சியோட தங்கச்சி பூவாயி கம்பஞ்சோறு போட்டா. தின்னு முடிச்சுக் கை கழுவுறதுக்குள்ள, இந்தப் பொண்ண எனக்குக் குடுன்னாரு.

"பேச்சி லேசுப்பட்டவளா? கல்யாணச் சோத்துக்கே நேரத்துக்குப் போகத் தெரியாதவனுக்குக் கல்யாணம் கேக்குதாக்கும்னு கேட்டா. பன்னெண்டு வருசம் என் வாசல்ல நில்லு, ஒரு நாளும் பிந்தாம இருந்தாப் பாப்போம்னா. நின்னாரு. மழையில நின்னாரு, வெயில்ல நின்னாரு. பன்னெண்டு முடிஞ்சதும் தங்கச்சியக் கட்டிக் குடுத்து, உள்ள வாங்க மாப்ளன்னு கூப்புட்டா. அவரு வரல. உள்ள வந்தா வீட்டோட மாப்ளன்னு பேரு வரும், நான் வாசலோட மாப்ளயா இருந்துக்கிறேன்னுட்டாரு. அவரு வழி வந்தவங்க வாசல் ஆளு, பேச்சி வழி உள் ஆளு. உள் ஆளு பொண்ணு குடுத்தவங்க, வாசல் ஆளு பொண்ணு எடுத்தவங்க. பங்காளியும் இல்ல ஒண்ணும் இல்ல. கொண்டான் குடுத்தான். மாமன் மச்சான்."

செல்வக்குமாரின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. ஆனால் காளையின் முகத்தில் போடவில்லை. மார்க்கெட்டில் முப்பது வருடம் வாடின பூவையும் வாடாத பூவையும் பிரித்தவர் அவர்.

"மலைச்சாமி, நான் வருசா வருசம் சிவராத்திரிக்கு வாரேன். இந்தக் கதைய நான் கேட்டதே இல்லையே."

"எப்ப வந்தாலும் மார்க்கெட்டுக்கு நேரமாச்சுன்னு துண்ணூற வாங்கிட்டு ஓடுவீங்க. கதை கேக்க நின்னீங்களா? வாசக் கதவப் பாருங்கண்ணே, எழுதியிருக்குல்ல."

எல்லோரும் போய்ப் பார்த்தோம். இரும்புக் கதவின் அடியில் துரு ஏறிய எழுத்தில் 'வாசல் கருப்பு வகையறா உபயம்' என்றிருந்தது. கதவின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே போன ஜெயபாண்டி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

காளை இன்னும் அசையவில்லை. "சரி, வாசல் வகையறான்னு ஒண்ணு இருக்கு. இவங்க அந்த வகையறாதான்னு எப்புடித் தெரியும்? சங்கதி தெரிஞ்சு நேத்து ராத்திரி யாராச்சும் ஒரு கட்டுச் சுருட்ட வாங்கிக் குடுத்து, இப்புடிச் சொல்லுங்கன்னு ஆத்தாகிட்டச் சொல்லியிருந்தா? எம்மகன் வாழ்க்கை. எனக்கு மனசு ஒப்பணும்."

ராக்கம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னா சங்கதி?" என்று ஜெயபாண்டியைப் பார்த்தார். மீனா என்னைப் பார்த்தாள். அவள் ஏன் என்னைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். வில்லாபுரத்தில் எது எப்போது நடந்தது என்று சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் அந்த இரண்டு நிமிடத் துப்பட்டா என் கண்ணைவிட்டுப் போகாது.

"அண்ணே, அந்தச் சுருட்டு நேத்து வாங்குனது இல்ல" என்றேன். "போன புதனுக்கு முந்தின புதன்கிழமை, சாயங்காலம் அஞ்சே முக்கால், எங்க தெருமுனைப் பெட்டிக்கடையில வாங்குனது. ரெண்டு கட்டு. பத்திரிகை மாதிரி வந்தது வெள்ளிக்கிழமை. உங்க வீட்டுச் சாமியும் இதே கோயிலுன்னு அன்னைக்கு எங்க யாருக்குமே தெரியாது."

"உனக்கு எப்புடித்தா இம்புட்டுக் கணக்காத் தெரியும்?" என்றார் காளை.

"நான் பாத்தேன்."

"பாத்தது சரி. பத்து நாளைக்கு முந்திப் பாத்தத மணியோட யாரு ஞாபகம் வச்சிருப்பா?"

வேறு வழியில்லை. "பாத்துட்டு அன்னைக்கே நாலு பேர்கிட்டச் சொன்னேன். அத்தை சுருட்டுக் குடிக்குதுன்னு. வேணும்னா கேட்டுக்கங்க, நம்பர் தாரேன்."

அழகம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ராக்கம்மாள் மெதுவாகத் திரும்பினார். பேச்சி சிலைக்குக்கூட அப்படி ஒரு பார்வை கிடையாது.

"அவனியாபுரம் வரைக்கும் வந்துருச்சு அந்தப் பேச்சு. எம்மருமக ஒரு வாரமா என் தலகாணிக்கு அடியில தீப்பெட்டி தேடுறா. அது நீதானா?"

"நாந்தான் அத்தை."

"வெளங்கும். உன் வாய்க்கு இந்தக் கருப்பனே காவல் நிக்கணும்."

காளை என்னைப் பார்த்தார், சுருட்டைப் பார்த்தார், வாசலில் நின்ற மீசையைப் பார்த்தார். பிறகு அந்த ஆறடி உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "ஊரு வாயில விழுந்த சேதி பொய்யா இருக்கலாம், தேதி பொய்யா இருக்காது" என்றார். ஜெயபாண்டியின் தோளில் கையைப் போட்டார். "அன்னைக்கு எங்காத்தா உங்க கருப்பனுக்கு ஒரு பொண்ணக் குடுத்தா. இம்புட்டுக் காலம் கழிச்சு அங்கிட்டிருந்து எதிர்ப்பொண்ணு வருது. வாங்க சம்பந்தி."

சம்பந்தி என்ற சொல்லை ஜெயபாண்டி கண்ணை மூடிக் கேட்டார். மீனா அப்போதுதான் கூப்பிய கையை இறக்கினாள். நேராகக் காளையிடம் போய், "மாமா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டார், வேர்வை என்று சொல்லிக்கொண்டு.

ராக்கம்மாள் வாசலுக்குப் போய்க் கருப்பசாமியின் முன் ஒரு சுருட்டைப் பற்றவைத்தார். முதல் இழுப்பை அவரே இழுத்தார். பற்றவைக்க வேண்டாமா என்றார். நான் எதுவும் சொல்லவில்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் நல்ல பெயர் வாங்கலாம். ஆனால் கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது, இனிச் சொன்னால் குற்றமில்லை. சுருட்டுக்கு நெருப்புக் கொடுக்கப் போனபோது நான் ஒன்றைப் பார்த்தேன். கருப்பசாமியின் கழுத்தில் ஒரு மல்லிகை மாலை, முந்தாநாள் கட்டினது, ஓரம்தான் வாடியிருந்தது. பக்கத்து ஆணியில் ஒரு மஞ்சப்பை தொங்கியது. பையில் 'காளை பூக்கடை, மாட்டுத்தாவணி' என்று அச்சடித்திருந்தது. காளை வருவது சிவராத்திரிக்குச் சிவராத்திரி. அன்றைக்குக் கொண்டுவந்த பூவோ இன்னும் குட்டியானையில்தான் இருந்தது.

நான் பையைப் பார்த்ததைச் செல்வக்குமார் பார்த்துவிட்டான். சட்டென்று வந்து பையைக் கழற்றி நாலாக மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். காது இரண்டும் சிவந்துவிட்டன. வெள்ளிக்கிழமை லோடு இறக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்திருப்பான். பூசாரியிடம் என்ன கெஞ்சினானோ, அவர் என்ன சொல்லி அனுப்பினாரோ. கம்பஞ்சோறும் பன்னிரண்டு வருடமும் பழைய கதையா, வெள்ளிக்கிழமைக் கதையா, அது அந்த மீசைக்காரருக்குத்தான் வெளிச்சம். ஆனால் கதவிலிருந்த துரு பழசு. சுருட்டு புதன்கிழமையது. அதற்கு நானே சாட்சி.

"அக்கா" என்றான் செல்வக்குமார், குரலே எழும்பாமல்.

"என்ன மாப்ள, காக்கா எம்புட்டுப் பெருசா இருக்கு பாரு" என்று வேப்பமரத்தைக் காட்டினேன். மரத்தில் காக்கா இல்லை.

திங்கட்கிழமை ஜெயபாண்டி அச்சகத்துக்குப் போன் போட்டு, வலது பக்கம் அருள்மிகு வாசல் கருப்பசாமி துணை என்று மாற்றச் சொன்னார். "அண்ணே, ரெண்டும் வேற வேற சாமிதான? நல்லா விசாரிச்சுட்டீங்களா?" என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். முகவரி, மண்டபம், தாய்மாமன் பெயர், எல்லாம் சரியாக வந்தது. முதல் பத்திரிகையை ராக்கம்மாளே கொண்டுபோய் வைத்தார், புதிதாக வாங்கின இரண்டு கட்டில் ஒரு கட்டுச் சுருட்டோடு. இன்னொரு கட்டு என்ன ஆனது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. சொல்லவும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு மொட்டைமாடிக் கொடியில் ஒரே ஒரு துப்பட்டா காய்ந்துகொண்டிருந்தது. மீனா அதை எடுக்கப் போனாள். ஐம்பத்திரண்டு நிமிடம். நான் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன், வேறொன்றுமில்லை.